தரகர் சொல்லாமல் விடுவது

கங்கைகொண்ட சோழபுரத்துக்கு வருகிறவர்கள் கோவிலைப் பார்க்கிறார்கள். நாங்கள் கொஞ்ச காலமாகச் சாலையோரத்தில் நட்டிருக்கும் மனைக் கற்களைத்தான் பார்க்கிறோம். திருச்சி–சிதம்பரம் சாலை அகலமான பிறகு முந்திரிக் கொல்லையும் மானாவாரிக் காடும் பிளாட்டுகளாகி, கலர் கொடி பறக்கிறது. இதில் விற்பவருக்கும் வாங்குபவருக்கும் நடுவில் நிற்பவர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் புரோக்கர். நகரத்தில் அவருக்கு ரியல் எஸ்டேட் ஆலோசகர் என்று பெயர். எப்படி அழைத்தாலும் சரி, நம் தெருவுக்கு நிலத்தைப் பற்றி யோசனை சொல்ல வருகிற ஒரே ஆள் அவர்தான்.

சென்ற ஆண்டு ஓர் அம்மா எங்களைத் தேடி வந்தார். மாமனார் வழியில் வந்த ஒன்றேகால் ஏக்கர். பேரனின் படிப்புச் செலவுக்காக விற்க நினைத்தார். புரோக்கர் வெளியூர் ஆளைக் கூட்டிவந்தார். “ஆயா, கையெழுத்த மட்டும் போடு, மத்தத நான் பாத்துக்கிறேன்” என்றாராம். போட்டது அக்ரிமெண்ட் அல்ல, பவர் பத்திரம். விலையோ பக்கத்துக் கொல்லை விலையில் மூன்றில் ஒரு பங்கு. ஏன் இவ்வளவு குறைவு என்று அந்த அம்மா கேட்டதற்கு, “உன் நிலத்துல கொஞ்சம் சிக்கல் இருக்கு, இதுக்கு இவ்வளவுதான் வரும்” என்று பதில்.

அந்தச் சிக்கல் என்னவென்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அது பஞ்சமி நிலம். தெரிந்ததை உரியவரிடம் சொல்லாமல், விலையைக் குறைக்க மட்டும் பயன்படுத்திக்கொண்டார். வாங்குகிறவரிடமும் அதைச் சொல்லவில்லை. கமிஷன் மட்டும் இரண்டு பக்கமும்.

மாணவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறோம். செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்கீர் 1891இல் எழுதிய அறிக்கையின் பின்னணியில் 1892இல் அரசாணை வந்தது. மாகாணம் முழுவதும் சுமார் 12 லட்சம் ஏக்கர் நம் முன்னோருக்கு ஒதுக்கப்பட்டது. முதல் பத்தாண்டு யாருக்கும் விற்கக் கூடாது. பிறகு விற்றாலும் தாழ்த்தப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே விற்கலாம். மீறினால் அரசு இழப்பீடின்றித் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். இதுதான் நிபந்தனை. காரணைப் பஞ்சமி நிலத்துக்காக 1994இல் செங்கல்பட்டில் திரண்டவர்கள்மீது போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிர்விட்டார்கள். அப்படிப்பட்ட நிலத்தை இங்கே ஒரு டீக்குப் பேசி முடிக்கிறார்கள்.

நம் மக்களிடம் ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. வில்லங்கச் சான்று சுத்தமாக வந்தால் போதும் என்பார்கள். அந்தச் சான்று பதிவான பத்திரங்களை மட்டுமே காட்டும். பஞ்சமி நிபந்தனை இருப்பது வருவாய்த் துறையின் கணக்கில். ‘அ’ பதிவேட்டைப் பார்க்க வேண்டும். 1980களில் யு.டி.ஆர். கணக்கு எழுதியபோது பல இடங்களில் அந்தக் குறிப்பு விடுபட்டிருப்பதால், அதற்கு முந்தைய நிலவரித்திட்டப் பதிவேட்டையும் கேட்டு வாங்க வேண்டும். நல்ல ஆலோசகர் என்றால் அட்வான்ஸ் கைமாறும் முன்பே இந்த நகல்களை இரு தரப்பின் முன்னும் விரித்து வைப்பவர். அதனால் பேரம் முறியலாம், கமிஷன் போகலாம். போகட்டும்.

நம் ஊருக்கென்றே இன்னொன்று உண்டு. மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கட்டக் கூடாது. அடுத்த 200 மீட்டருக்குள் அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். 2010இல் திருத்திய சட்டம் இது. “கோவில் தெரியற மனை” என்று விற்பவர்கள் இதைச் சொல்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

விற்பது ஒரு பக்கம். நாம் வாங்கப் போனால் வேறு கதை. “அந்தப் பக்கம் உங்களுக்குச் சரிப்படாது” என்பார். அதன் பொருள் நமக்குப் புரியும். தாட்கோவில் நன்னிலம் மகளிர் நில உடைமைத் திட்டம் இருக்கிறது. நிலமற்ற ஆதிதிராவிட, பழங்குடிப் பெண்கள் விவசாய நிலம் வாங்க விலையில் பாதி, 5 லட்சம் ரூபாய் வரை மானியம். ஆனால் விற்பவர் பிற வகுப்பைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். அப்படி ஒருவரைத் தேடிப் பிடித்து, நம் பெண்ணுக்கு விற்கச் சம்மதிக்க வைப்பதுதான் இங்கே தரகருக்கு உண்மையான வேலை. அந்த வேலைக்கு யார் முன்வருகிறார்?

தமிழ் முதுகலை வகுப்பில் கல்வெட்டுப் பாடம் படித்தோம். இராசராசனின் தஞ்சைக் கோவில் கல்வெட்டுகளில் வரிக் கணக்கிலிருந்து கழித்த நிலங்களின் வரிசையில் சுடுகாடும் வரும், பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் வரும். மகன் கட்டிய கோவிலுக்குப் பக்கத்தில் இன்றும் நிலக் கணக்கு நம் கைக்கு எட்டாத தூரத்தில்தான் இருக்கிறது.

அதனால் படித்த நம் பிள்ளைகள் இந்தத் தொழிலுக்கு வர வேண்டும் என்கிறோம். சிலர் முகம் சுளிக்கிறார்கள், எம்.ஏ. படித்துவிட்டுப் புரோக்கர் வேலையா என்கிறார்கள். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, பதிவு செய்ய வேண்டிய மனைப்பிரிவில் விற்றுத்தரும் முகவர் தானும் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். வாங்குபவருக்கு உரிய ஆவணங்களையும் விவரங்களையும் கிடைக்கச் செய்வது அவருடைய சட்டக் கடமை. பதிவில்லாமல் செய்தால் நாளுக்கு 10,000 ரூபாய் அபராதம். வக்கீல் குமாஸ்தா வேலையைவிட இது எந்த வகையில் குறைச்சல்? பதிவுக் கட்டணத்துக்குத் தாட்கோ கடன் தர வேண்டும் என்பது எங்கள் கோரிக்கை.

நம் ஆள் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாங்கள் நம்பவில்லை. கமிஷனுக்காகச் சொந்தத் தெருவின் நிலத்தை முன்னின்று விற்றுக் கொடுத்தவர்களையும் பார்த்திருக்கிறோம். ஆனால் ‘அ’ பதிவேட்டைப் படிக்கத் தெரிந்தவர் தெருவுக்கு இரண்டு பேர் இருந்தால், அவரும் யோசிப்பார்.

அந்த அம்மாவின் பவர் பத்திரத்தை ரத்து செய்யவும், பஞ்சமி எனப் பதிவேட்டில் குறிக்கவும் மனு கொடுத்திருக்கிறோம். விசாரணைக்கு இருமுறை போய் வந்தாகிவிட்டது. வாங்கிய அட்வான்ஸில் பாதி பேரனின் கல்லூரிக் கட்டணத்துக்குப் போய்விட்டது. அதைத் திருப்பிக் கொடுக்க என்ன வழி என்று அவர் எங்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.