வாக்காளருக்கு ஆறு ரூபாய்

நாடாளுமன்ற உறுப்பினர்களின் மாதச் சம்பளம் ஒரு லட்சத்திலிருந்து 1.24 லட்சம் ரூபாயாக உயர்ந்திருப்பதாகக் 2025 மார்ச் 24 அன்று அறிவிப்பு வந்தது. அன்று இரவுக்குள் என் கைப்பேசியில் ஒரே வாட்ஸ்அப் செய்தி ஏழெட்டுப் பேரிடமிருந்து வந்து விழுந்தது: ‘விவசாயிக்குக் கொடுக்க மனமில்லை, இவர்களுக்கு மட்டும் 24 ஆயிரமா?’ மறுநாள் காலை நடையில் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் இன்னும் ஒருபடி மேலே போனார். “சம்பளமே கொடுக்கக் கூடாது சார். சேவை செய்யத்தானே வர்றாங்க?” கூட நடந்த நாலு பேரும் தலையாட்டினார்கள். இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அந்தத் தலையாட்டல்தான்.

இந்த உயர்வு 2018-இல் போட்ட சட்டத்தின்படி வருவது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை விலைவாசிக் குறியீட்டைப் பார்த்துத் தானாக ஏறும். அதில் பேச ஒன்றுமில்லை. பேச வேண்டியது அதை வாங்குகிறவர்களைப் பற்றி. 2024-இல் தேர்வான 543 மக்களவை உறுப்பினர்களில் 504 பேர் கோடீஸ்வரர்கள். வேட்புமனுவோடு அவர்களே கொடுத்த சொத்துக் கணக்கைக் கூட்டி, ஜனநாயகச் சீர்திருத்தங்களுக்கான ஏடிஆர் அமைப்பு வெளியிட்ட சராசரி, ஆளுக்கு 46.34 கோடி ரூபாய். இவர்களுக்கு 24 ஆயிரம் எந்த மூலைக்கு? தொகுதியில் ஒரு வளர்பிறை முகூர்த்தத்துக்கு வைக்கிற மொய்க்கே காணாது.

ஏடிஆரின் இந்த வரிசையை நான் மேடைக்கு மேடை சொல்லி வருகிறேன், இங்கேயும் சொல்லிவிடுகிறேன். மக்களவையில் கோடீஸ்வரர்களின் பங்கு 2004-இல் 30 சதவீதம், 2009-இல் 58, 2014-இல் 82, 2019-இல் 88, 2024-இல் 93. நிலத்தின் விலை ஏறிவிட்டது, சென்னையில் ஒரு அபார்ட்மெண்ட் இருந்தாலே கோடீஸ்வரன்தான் என்று பொருளாதாரம் படித்த நண்பர்கள் விளக்குவார்கள். விளக்கட்டும். 46 கோடிக்கு எத்தனை அபார்ட்மெண்ட் என்றும் அவர்களே கணக்குப் போட்டுச் சொல்லட்டும்.

அதைவிட என்னைத் தூங்கவிடாத எண் ஒன்று உண்டு. 2024 தேர்தலில் ஒரு கோடிக்கு மேல் சொத்துள்ள வேட்பாளர்களில் 19.6 சதவீதம் பேர் ஜெயித்தார்கள். ஒரு கோடிக்குக் குறைவாக உள்ளவர்களில் ஜெயித்தவர்கள் 0.7 சதவீதம். இருபத்தெட்டு மடங்கு! பெரிய கட்சிகள் பணக்காரருக்குத்தான் சீட்டே கொடுக்கின்றன, அதனால் ஜெயிக்கிறார்கள், பணத்தால் அல்ல என்று இதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். ஐயா, அதைத்தானே நானும் சொல்கிறேன்.

சம்பளமே கூடாது என்கிறவர்கள் இங்கிலாந்தின் கதையைக் கொஞ்சம் கேட்க வேண்டும். 1838-இல் அந்நாட்டுத் தொழிலாளர்கள் ஆறு கோரிக்கைகளோடு ஒரு மக்கள் சாசனத்தை வெளியிட்டார்கள். உறுப்பினராக இவ்வளவு சொத்து இருக்க வேண்டும் என்ற விதியை நீக்கு என்பது அதில் ஒன்று. உறுப்பினருக்குச் சம்பளம் கொடு என்பது இன்னொன்று. சொத்துத் தகுதி 1858-இல் போய்விட்டது. சம்பளம் வரவில்லை. சட்டப்படி யார் வேண்டுமானாலும் நாடாளுமன்றத்தில் உட்காரலாம். ஆனால் சுரங்கத் தொழிலாளி லண்டனில் உட்கார்ந்தால் அவன் வீட்டில் அடுப்பு எப்படி எரியும்? தொழிற்சங்கங்கள் காசு திரட்டித் தங்கள் ஆட்களை அனுப்பிவைத்தன. அதுவும் சிலருக்குப் பொறுக்கவில்லை. ஆஸ்போர்ன் என்ற ரயில்வே போர்ட்டர் தன் சங்கத்தின் மீதே வழக்குப் போட, சங்கப் பணத்தை இதற்குச் செலவிடக் கூடாது என்று 1909-இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. அதன் பிறகுதான், 1911-இல், ஆண்டுக்கு 400 பவுண்டு சம்பளம் என்று முடிவானது. சொத்துத் தகுதியைச் சட்டப் புத்தகத்திலிருந்து அடித்த பிறகும் 53 ஆண்டுகள் அது நடைமுறையில் உயிரோடிருந்திருக்கிறது.

நம்மிடம் நடந்தது இதன் தலைகீழ். நாம் 1952-இல் சொத்துத் தகுதி இல்லாமல், தினப்படியோடு தொடங்கினோம்; 1954-இல் சம்பளமும் வந்துவிட்டது. அந்த முதல் மக்களவைக்கு மாயூரத்திலிருந்து போனவர் கே. ஆனந்த நம்பியார், பொன்மலை ரயில்வே தொழிலாளர்களிடையே வேலை செய்த சங்கத் தலைவர். இன்று அப்படி ஒருவரை நிறுத்த எந்தப் பெரிய கட்சியின் மாவட்டச் செயலாளராவது சம்மதிப்பாரா? நேர்காணலில் முதல் கேள்வியே ‘எவ்வளவு செலவு பண்ணுவீங்க?’ என்பதுதான்.

சம்பளம் வாங்காத தலைவர் என்றால் நமக்கு உடனே கண் கலங்குகிறது. தமிழ்நாட்டுக்கு அதில் பாடம் தேவையில்லை. 1991-இல் முதல்வரான ஜெயலலிதா மாதம் ஒரு ரூபாய்தான் சம்பளம் வாங்கினார். அந்த ஐந்தாண்டுகளின் சொத்துக் கணக்குதான் பிற்பாடு 66 கோடி ரூபாய் வழக்காக இருபது ஆண்டுகள் இழுத்தது.

சரி, செலவுக்கு வருவோம். மக்களவைத் தொகுதிக்கு ஒரு வேட்பாளர் செலவழிக்கலாம் என்று சட்டம் அனுமதிக்கும் தொகை 95 லட்சம். 2022 ஜனவரியில் 70 லட்சத்திலிருந்து உயர்த்தினார்கள். 2024 தேர்தலின்போது தமிழ்நாட்டில் 6.23 கோடி வாக்காளர்கள், 39 தொகுதிகள். தொகுதிக்கு ஏறக்குறைய 16 லட்சம் பேர். வகுத்துப் பாருங்கள், வாக்காளருக்கு ஆறு ரூபாய்கூட வராது. வாக்குச்சாவடிக் கணக்கில் பார்த்தால் சாவடிக்கு ஐயாயிரத்துச் சொச்சம். பூத் ஏஜெண்டின் பேட்டா, காலை டிபன், மதியப் பொட்டலம், பந்தல், நாற்காலி, பூத் கமிட்டிக்காரர்களின் பெட்ரோல் எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். ஆனால் ஏறக்குறைய எல்லா வேட்பாளரும் வரம்புக்குள்தான் கணக்குக் காட்டுகிறார்கள்.

2024 ஏப்ரலில் தென்மாவட்ட ஊர் ஒன்றில் வேட்பாளரின் வேன் வந்ததை நின்று பார்த்தேன். முன்னால் தேர்தல் ஆணையத்தின் வீடியோ குழு. கொடி எத்தனை, தோளில் கிடக்கும் துண்டு எத்தனை என்று கேமரா பொறுமையாக எண்ணிக்கொண்டு போனது. மாவட்ட நிர்வாகம் டீ, இட்லி, பிரியாணி என ஒவ்வொன்றுக்கும் விலை நிர்ணயித்துப் பட்டியல் போட்டிருந்தது. அந்த விலையில்தான் கணக்கெழுத வேண்டும். தெருமுனையில் ஆரத்தித் தட்டோடு பெண்கள் வரிசையாக நின்றார்கள். வேன் நகர்ந்து, கேமராவும் திரும்பிய பிறகு, பின்னால் ஸ்கூட்டரில் வந்தவர் இறங்கி, நீளவாக்கில் மடித்த நூறு ரூபாய்த் தாளை ஒவ்வொரு தட்டிலும் வைத்துக்கொண்டே போனார். கற்பூரம் அணையுமுன் வேலை முடிந்தது. இது சில்லறைச் சமாச்சாரம். பெரிய பட்டுவாடா இரவில் நடப்பது, 2009 திருமங்கலம் இடைத்தேர்தலிலிருந்து அதற்கு ‘திருமங்கலம் ஃபார்முலா’ என்றே பெயராகிவிட்டது. 2019-இல் வேலூரில் கட்டுக்கட்டாகப் பணம் பிடிபட்டு மக்களவைத் தேர்தலே ரத்தானது. நாலு மாதம் கழித்துத் தேர்தல் நடந்தது. மற்ற 38 தொகுதிகளிலும் ஆறு ரூபாயில் முடித்தார்கள் என்று நம்புகிறவர்கள் கையைத் தூக்கலாம்.

நாட்டின் நிதியமைச்சரே நம்பவில்லை. ஆந்திராவிலோ தமிழ்நாட்டிலோ போட்டியிடுகிறீர்களா என்று கட்சித் தலைவர் கேட்டதாகவும், பத்து நாள் யோசித்து, அந்த அளவுக்குத் தன்னிடம் பணமில்லை என்று மறுத்துவிட்டதாகவும் நிர்மலா சீதாராமன் 2024 மார்ச்சில் சொன்னார். வரம்பு 95 லட்சம் என்பது அவருக்குத் தெரியாதா? நாடு அதைச் சிரித்துக் கடந்தது. ஒப்புதல் வாக்குமூலமாக எடுத்து விசாரித்திருக்க வேண்டும்.

இந்தப் பித்தலாட்டத்துக்குத் தேதி குறித்தே சொல்லலாம். 1974 அக்டோபரில், டெல்லி சதர் தொகுதி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: வேட்பாளருக்காகக் கட்சி செலவழித்து, அதன் பலனை அவர் தெரிந்தே எடுத்துக்கொண்டால், அதுவும் அவர் செலவுதான். அது நிலைத்திருந்தால் இன்றைய கதையே வேறு. சில வாரங்களுக்குள் இந்திரா காந்தி அரசு அவசரச் சட்டம் போட்டு அந்தத் தீர்ப்பைப் புதைத்தது. 2003-இல் சட்டத்தைக் கொஞ்சம் ஒட்டுப்போட்டுத் தைத்தார்கள். நட்சத்திரப் பேச்சாளரின் ஹெலிகாப்டர் இன்றும் கணக்கில் வராது. கட்சியின் பொதுச் செலவுக்கோ உச்சவரம்பே கிடையாது. வேட்பாளரின் டீயை எண்ணுவார்கள், கட்சியின் கோடிகளை எண்ண மாட்டார்கள்.

அந்தக் கோடிகள் எங்கிருந்து வருகின்றன என்பதை, தேர்தல் பத்திரத் திட்டத்தை ரத்து செய்த உச்ச நீதிமன்றத்தின் 2024 பிப்ரவரி 15 தீர்ப்பு காட்டிக்கொடுத்தது. தேர்தல் பத்திரங்களில் ஏறத்தாழ பாதி, 6,060 கோடி ரூபாய், பாஜகவுக்குப் போயிருந்தது. இதைச் சொன்னதும் கைதட்டுகிற உடன்பிறப்புகள் அடுத்த வரியையும் படிக்க வேண்டும். பத்திரம் வாங்கியவர்களில் முதலிடம் கோவை லாட்டரி நிறுவனமான ஃபியூச்சர் கேமிங்குக்கு, 1,368 கோடி. அதில் 509 கோடி திமுகவுக்கு வந்தது, கட்சியே தேர்தல் ஆணையத்திடம் கொடுத்த கணக்கு. லாட்டரிக்கு 2003-லிருந்து தடை உள்ள மாநிலம் நம்முடையது! திரிணமூலுக்குப் போனது 540 கோடிக்கு மேல். பத்திரம் ஒழிந்த பிறகும் 2013-இல் திறந்த தேர்தல் அறக்கட்டளை வாசல் அகலமாகத்தான் இருக்கிறது.

இதற்கு என்ன வழி? 1974 தீர்ப்பைச் சட்டமாக்கி, கட்சிச் செலவை வேட்பாளர் கணக்கில் ஏற்றுங்கள். நிறுவன நன்கொடையை முழுதாகத் தடை செய்யுங்கள். 1969-இல் தடை செய்தபோது கறுப்புப் பணம்தான் பெருகியது, அதனால்தான் 1985-இல் ராஜீவ் காந்தி நீக்கினார் என்பார்கள். 1985-க்குப் பிறகு கறுப்புப் பணம் காசிக்குப் போய்விட்டதா? இந்த இரண்டைச் செய்தால் போதும். இரண்டே தேர்தலில் 93 என்ற எண் 50-க்குக் கீழே இறங்கும், பொன்மலையிலிருந்து மறுபடியும் ஓர் ஆள் டெல்லிக்கு ரயில் ஏறுவார். எழுதி வைத்துக்கொள்ளலாம்.

இதையெல்லாம் போன வாரம் நடையில் அந்த வங்கி அதிகாரியிடம் விவரமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கடைசியில், “எல்லாம் சரி சார். கைக்காசு இல்லாத ஆள் எம்.பி. ஆயிட்டா, நம்ம காலனிப் பிள்ளையார் கோயில் கும்பாபிஷேகத்துக்கு யார் சார் பணம் தருவா?” என்றார். நாலு பேரும் தலையாட்டினார்கள்.