லேபிளை மறைத்த பின்பு

தியானப் பகுதி: யாக்கோபு 2:1-9, ரோமர் 14:13-21



சில வாரங்களுக்கு முன் ஒரு பௌர்ணமி இரவு. மலையைச் சுற்றியுள்ள 14 கிலோமீட்டர் பாதையில் மக்கள் வெள்ளமாக நடந்துகொண்டிருந்தார்கள். அதே இரவில், நகரின் வேறொரு பகுதியில், நம் சபையைச் சேர்ந்த ஒரு சகோதரரின் வீட்டு மாடியில் ஆறு நண்பர்கள் கூடியிருந்தார்கள். பெங்களூருவில் பணிபுரிந்து வார இறுதியில் ஊர் திரும்புகிறவர்கள் அவர்கள். ஒவ்வொருவரும் தம் வீட்டில் சேர்த்து வைத்திருக்கும் விஸ்கிப் புட்டிகளில் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார்கள். புட்டிகளைச் செய்தித்தாளில் சுற்றி, ஒன்று முதல் ஆறு வரை எண்ணிட்டு, எது எந்த நாட்டினது, என்ன விலை என்று தெரியாதபடி ஊற்றினார்கள். நிறம், மணம், சுவை, விழுங்கிய பின் நாவில் தங்கும் நேரம் என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் இட்டார்கள். தாளைப் பிரித்தபோது, விலை மிகுந்த ஸ்காட்லாந்துப் புட்டி நான்காம் இடத்திலும், பெங்களூருவில் வடித்த புட்டி முதலிடத்திலும் இருந்தனவாம்.

இதை எனக்குச் சொன்னவர் அந்தச் சகோதரரேதான். அவர் எதையும் மறைக்கவில்லை. “ஐயா, இதைக் குடி என்று நினைக்காதீர்கள். இது ரசனை” என்றார். இந்த வாரத் தியானத்தை அவருடைய அனுமதியோடும், பின்னால் வரப்போகும் மற்றொரு குடும்பத்தாரின் அனுமதியோடும் எழுதுகிறேன். யார் எவர் என்று தேட வேண்டாம் என்று உங்களை அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.

அவர் சொன்னதை நான் அலட்சியமாக ஒதுக்கவில்லை. அந்தத் துறையில் கற்க வேண்டியவை உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். நம் நாட்டில் விஸ்கி என்ற பெயரில் விற்கப்படுவதில் பெரும்பகுதி கரும்புச் சர்க்கரைக் கழிவுப்பாகிலிருந்து வடித்த சாராயத்தைக் கலந்து செய்யப்படுவது. ஐரோப்பிய ஒன்றியத்தில் அதை விஸ்கி என்ற பெயரில் விற்க முடியாது. அங்கே தானியத்திலிருந்து வடித்தது மட்டுமே விஸ்கி. முளைகட்டிய பார்லியிலிருந்து வடித்து மரப்பீப்பாயில் முதிரவிடும் சிங்கிள் மால்ட் வகையை, 2004-இல் பெங்களூருவின் அம்ருத் நிறுவனம் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் அறிமுகப்படுத்தியது. கொல்லருக்கே ஊசி விற்கப் போன கதைதான். ஆனால் விற்றார்கள். 2010-இல் ஜிம் மர்ரே என்ற ஆங்கிலேய விமர்சகர் அதன் ஃப்யூஷன் வகையை உலகின் மூன்றாவது சிறந்த விஸ்கி என்று எழுதினார். பின்னர் கோவாவிலிருந்து பால் ஜான், உத்தரப் பிரதேசத்திலிருந்து ராம்பூர், ஹரியானாவிலிருந்து இந்த்ரி என்று பல வந்தன.

பீப்பாயில் இருக்கும்போது ஆண்டுதோறும் ஒரு பங்கு ஆவியாகிப் போய்விடுகிறது. அதற்கு ‘தேவதூதர்களின் பங்கு’ என்று அத்தொழிலில் பெயர். குளிர் மிகுந்த ஸ்காட்லாந்தில் அது ஆண்டுக்கு 2 விழுக்காடு. பெங்களூருவில் 10 விழுக்காட்டுக்கும் மேல். “நம் ஊர்த் தூதர்களுக்குத் தாகம் அதிகம், ஐயா” என்று அந்தச் சகோதரர் சொன்னபோது நானும் சிரித்துவிட்டேன்.

ஆனால் சிரித்து முடித்த பின் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆறு கிண்ணங்கள், ஒவ்வொன்றிலும் 15 மில்லி என்றே வைத்துக்கொள்வோம். மொத்தம் 90 மில்லி. அது மூன்று சிறு பெக், அதாவது டாஸ்மாக் கடையில் விற்கும் குவார்ட்டரில் சரிபாதி. சாதாரண விஸ்கியில் சாராயத்தின் அளவு 42.8 விழுக்காடு, ஃப்யூஷன் போன்றவற்றில் 50 விழுக்காடு. ஆகவே வீரியத்தில் அரைக் குவார்ட்டரையும் தாண்டிவிடுகிறது. முதலிடம் பெற்றதை இன்னொரு முறை ஊற்றிப் பார்க்காமல் யாரும் எழுந்து போவதில்லை. விஸ்கி ஆலைகளில் கலவை செய்யும் வல்லுநர்கள் பெரும்பாலும் மூக்கினாலேயே வேலையை முடித்துவிடுகிறார்கள். தண்ணீர் ஊற்றி வீரியத்தைக் குறைத்து முகர்ந்து பார்க்கிறார்கள். சோதிப்பது ஒன்றே நோக்கமாயிருந்தால் விழுங்க வேண்டிய தேவை அதிகமில்லை. இதை அவரிடம் சொன்னேன். அவர் புன்னகைத்தார், மறுக்கவில்லை.

இவ்வளவோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

மறுநாள் காலை அந்த ஆறு கிண்ணங்களையும் கழுவியவர் அந்த வீட்டில் வேலை செய்யும் ஒரு சகோதரி. அவரும் நம் சபையார். அவருடைய கணவர் கொத்தனார். பல ஆண்டுகள் குடியில் அகப்பட்டிருந்து, கடந்த பதினான்கு மாதங்களாக ஒரு துளியும் தொடாமல் இருக்கிறவர். வேலையை முடித்துப் புறப்பட்ட அந்தச் சகோதரியின் கையில், ஆறாம் இடம் பெற்ற புட்டி கொடுக்கப்பட்டது. பாதிக்கு மேல் மீதியிருந்தது. “வீட்டுக்காரருக்குக் கொடுங்கள்” என்று சொல்லிக் கொடுத்தார்கள். அன்பளிப்பாகத்தான் கொடுத்தார்கள்.

அவர் அதைப் பைக்குள் வைத்துக்கொண்டு நடந்தார். வேண்டாம் என்று சொன்னால் வேலை கொடுத்தவர் மனம் நோகும். வீட்டுக்குக் கொண்டுபோனால் பதினான்கு மாதம் போய்விடும். வழியில் ஒரு சாக்கடை ஓரம் நின்று முழுவதையும் கொட்டினார். கையில் வாடை இருந்தால் கணவருக்குத் தெரிந்துவிடுமே என்று தெருக்குழாயில் சோப்புப் போட்டு மூன்று முறை கழுவினார். பிறகு வீட்டுக்குப் போகாமல் நேரே என்னிடம் வந்தார்.

“ஐயா, அவங்க ஏதோ பேர் சொல்றாங்க, வெல சொல்றாங்க. ஆறு கிளாஸையும் நான்தான் கழுவுனேன். இத்தன வருஷமா எங்க வீட்டுல அடிச்ச வாடை எனக்குத் தெரியாதா? ஆறுலயும் அதே வாடைதான்யா.”

நான் பதில் சொல்வதற்குள் இன்னொன்றும் கேட்டார்: “அந்த வீட்டுக்கு நீங்கதானே வந்து ஜெபம் பண்ணீங்க? அந்தக் கண்ணாடி அலமாரிக்கும் சேர்த்துத்தானே பண்ணீங்க?”

பிரியமானவர்களே, அந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. புதுமனைப் பிரதிஷ்டைக்குச் சென்றபோது அந்த அலமாரியை நான் பார்த்தேன். உள்ளே சிறு விளக்குகள் எரிய, புட்டிகள் வரிசையாக நின்றிருந்தன. நான் அந்த அலமாரியின் தேக்கு வேலைப்பாட்டைப் புகழ்ந்துவிட்டு அடுத்த அறைக்குப் போனேன். ஆனால் இந்தச் சகோதரியின் கணவர் குடித்துவிட்டுத் தெருவில் சண்டையிட்டார் என்று புகார் வந்தபோது, சேகரக் கமிட்டியைக் கூட்டி, அவரைப் பாடகர் குழுவிலிருந்து நீக்கி, ஆறு மாதம் திருவிருந்தில் பங்குபெறாதபடி செய்தவனும் நானே. ஒழுங்கு நடவடிக்கை தவறென்று நான் சொல்லவில்லை. தெருவில் நடந்தது இடறலாகவே இருந்தது. ஆனால் ஒருவருக்கு விசாரணை, மற்றவருக்குப் பாராட்டு என்று அளந்தேனே, அதுதான் என்னை உறுத்துகிறது. பொன்மோதிரம் அணிந்தவரை நல்ல இடத்தில் உட்காரவைத்து, கந்தை அணிந்தவரை ஓரமாக நிறுத்தும் சபையை யாக்கோபு கண்டித்து எழுதினார். அந்தப் பகுதியில் நான் எத்தனை முறை பிரசங்கித்திருக்கிறேன்!

அந்த ஆறு நண்பர்கள் கையாண்ட முறை உண்மையில் நல்ல முறை. லேபிளை மறைத்தால்தான் நேர்மையாக நிதானிக்க முடியும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அதே முறையை ஏன் நாம் குடியின் மீதே பயன்படுத்தக் கூடாது? விலையை மறைத்துவிடுங்கள். கிண்ணத்தின் வடிவத்தை மறைத்துவிடுங்கள். மாடியையும் கடை வாசலையும் மறைத்துவிடுங்கள். உள்ளே இருப்பது ஒரே சாராயம். மதுவைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் பட்டியலில் 1988-இலேயே சேர்த்த ஆய்வு முகமை, சிங்கிள் மால்ட்டுக்கு விலக்கு அளிக்கவில்லை. எந்த அளவும் பாதுகாப்பானதல்ல என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023-இல் சொன்னபோதும் விலை பார்த்துச் சொல்லவில்லை.

சட்டத்தின் முன்னும் இந்த லேபிள் வேலை செய்கிறது. புதுச்சேரியிலிருந்து பேருந்தில் வரும் கூலித் தொழிலாளியின் பை சோதனைச் சாவடியில் திறக்கப்படுகிறது. பெங்களூருவிலிருந்து வரும் காரின் பின்புறத்தை யாரும் அவ்வளவு எளிதில் திறப்பதில்லை. 2024 ஜூன் மாதம் நம் பக்கத்து மாவட்டமான கள்ளக்குறிச்சியில், கருணாபுரத்தில், மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் மடிந்தார்கள். அப்போது ‘இவர்கள் ஏன் குடித்தார்கள்?’ என்ற கேள்வியை நம் வரவேற்பறைகளில் நானே கேட்டேன். கண்ணாடி அலமாரி இருக்கும் அறைகளிலும் அந்தக் கேள்வி எழுந்திருக்கும். 1937-இல் ராஜாஜி சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு, 1948-இல் மாகாணம் முழுவதும் பரவி, 1971-இல் விலக்கப்பட்டது. 2003 முதல் அரசே சில்லறைக் கடை நடத்துகிறது. இந்த வரலாற்றைச் சொல்லி அரசைச் சாடுவது பிரசங்க பீடத்துக்கு எளிது. முன்வரிசையில் இருப்பவரின் அலமாரியைப் பற்றிப் பேசுவதுதான் கடினம்.

‘கானா ஊரில் ஆண்டவரே திராட்சரசம் கொடுத்தாரே’ என்று சிலர் கேட்பீர்கள். உண்மைதான். அங்கேயும் ஒருவர் ருசி பார்த்துத் தரம் சொன்னார். எது எங்கிருந்து வந்தது என்று தெரியாமலேயே சொன்னார். ஆகவே நல்லதை நல்லதென்று அறியும் நாவை நான் பாவமென்று சொல்ல மாட்டேன். ஒரு வாய் விஸ்கி பருகிய யாவரும் குடிவெறியர் என்றும் சொல்ல மாட்டேன்; அந்தச் சகோதரர் வெறித்து விழுந்தவர் அல்லர். ஆனால் பவுல் ரோமருக்கு எழுதும்போது வேறொரு கேள்வியை முன்வைக்கிறார். எனக்கு இதைச் செய்ய உரிமை உண்டா என்பதோடு அவர் நின்றுவிடவில்லை. என் தட்டும் என் கிண்ணமும் பக்கத்தில் இருக்கும் சகோதரனுக்கு என்ன செய்கின்றன என்று கேட்கிறார். அந்தக் கேள்வியைக் கேட்டால், மாடியில் இருந்த ஆறு பேரோடு ஏழாவதாக, அங்கு வராத ஒரு கொத்தனாரும் கணக்கில் வந்துவிடுகிறார்.

நான் அந்தச் சகோதரரிடம் சென்று நடந்ததைச் சொன்னேன். அவர் முகம் வெளுத்தது. “அவர் நிறுத்தியது எனக்குத் தெரியாது, ஐயா. மீதியை வீணாக்க வேண்டாமே என்றுதான்...” என்றார். “தம்பி, உங்கள் அலமாரிக்கு ஆகாதது அவர் வீட்டுக்கு ஆகும் என்று எப்படி நினைத்தீர்கள்?” என்று கேட்டேன். நெடுநேரம் பேசாமல் இருந்தார். மறுநாள் மாலை தாமே அந்தக் குடும்பத்தைத் தேடிச் சென்று, அந்தச் சகோதரியிடம் தனியே மன்னிப்புக் கேட்டார். அலமாரி இன்னும் அங்கேதான் இருக்கிறது. அதை அகற்றுவதாக அவர் சொல்லவில்லை. நானும் சொன்னதாக எழுத மாட்டேன். அடுத்த பௌர்ணமிக் கூடுகையை மட்டும் நிறுத்திவைத்திருக்கிறார்.

நானும் என் பங்கைச் செய்ய வேண்டியிருந்தது. அந்தக் கொத்தனாரிடம் சென்று, உம்மை ஒரு படியாலும் மற்றவரை வேறு படியாலும் அளந்தேன் என்று ஒப்புக்கொண்டேன். “விடுங்க ஐயா, அன்னைக்கு நான் ஆடுனதும் தப்புதானே” என்றார். விட்டுவிட என் மனம் ஒப்பவில்லை. ஆகவே சபையாராகிய உங்கள் முன் மூன்று காரியங்களை வைக்கிறேன்.

முதலாவது, மதுவைக் குறித்து நம் சேகரத்தில் எந்த ஒழுங்கு இருந்தாலும் அது எல்லா வீட்டுக்கும் ஒன்றாயிருக்கட்டும். அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் இதை நானே முன்வைப்பேன். இரண்டாவது, உங்கள் வீட்டில் வேலை செய்கிறவர்கள், வாகனம் ஓட்டுகிறவர்கள், தச்சர், வண்ணம் பூசுகிறவர் எவருக்கும் மதுவை அன்பளிப்பாகவோ கூலியோடு சேர்த்தோ கொடுக்காதிருங்கள். அவர் எத்தனை மாதங்களைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்பது உங்களுக்குத் தெரியாது. மூன்றாவது, விட நினைத்தும் விட முடியாமல் தவிக்கிறவர்கள் வெட்கப்பட வேண்டாம். குடிநோய்க்கு மருத்துவம் உண்டு. சென்னையில் சாந்தி ரங்கநாதன் அம்மையார் 1980-இல் தொடங்கிய மையம் முதல் பல இடங்களில் சிகிச்சை கிடைக்கிறது. 14446 என்ற அரசின் இலவச எண்ணில் பேசலாம். தனியே போகத் தயங்கினால் என்னை அழையுங்கள். நான் உடன் வருகிறேன்.

ஜெபம்: எங்கள் ஆண்டவரே, முகம் பார்த்து நியாயம் தீர்த்த என் பாவத்தை மன்னியும். அலமாரியில் அடுக்கி வைத்திருப்பவரையும், கடை வாசலில் நிற்பவரையும் ஒரே அன்போடு பார்க்கும் கண்களை எங்களுக்குத் தாரும். பதினான்கு மாதமாய் நிற்கிற உம் பிள்ளையை இன்றைக்கும் நிற்கச் செய்யும். அவருக்காகக் கைகளைக் கழுவிய அந்தச் சகோதரியைத் தேற்றும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வேண்டுகிறோம், நல்ல பிதாவே. ஆமென்.

அடுத்த வாரம் சந்திப்போம். கர்த்தருடைய சமாதானம் உங்கள் வீடுகளில் தங்குவதாக.