ஒரு மாதப் பொறுமையின் விலை



சில மாதங்களுக்கு முன்னர் மாவனல்லைப் பகுதியிலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கத்தில் கடிதம் எழுதியிருந்தார். தாமதிக்க முடியாத விடயம் என்பதால் இதழ் வெளிவரும்வரை காத்திராமல் அவருக்கு உடனடியாகவே பதில் அனுப்பிவிட்டேன். இப்போது அவருடைய அனுமதியோடு, அடையாளங்களைத் தவிர்த்துவிட்டு, அதனை உங்கள் முன் வைக்கிறேன். தொழில் பார்க்கும் மகளோ, மருமகளோ, தங்கையோ உங்கள் வீட்டிலும் இருக்கக்கூடும். நீங்களே கூட அந்தச் சகோதரியின் நிலையில் இருக்கக்கூடும்.

அவர் கண்டியில் உணவுப் பொருட்கள் தயாரிக்கும் ஒரு கம்பனியின் மார்க்கட்டிங் பிரிவில் உதவியாளராக இருந்தார். சம்பளம் மாதம் 48,000 ரூபா. கணவர் முச்சக்கர வண்டி ஓட்டுகிறார். பிள்ளைகள் இருவர். 2022 ஆம் ஆண்டு நெருக்கடியில் ஏறிய சாமான் விலை பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. சம்பளமும் அதற்கேற்ப ஏறவில்லை. ஆகவே வேறிடம் தேடினார். இரண்டு இடங்கள் அமைந்தன.

"தாத்தா, முதலாவது கம்பனியில் மாதம் 120,000 ரூபா வரை உழைக்கலாமாம். ஆனால் வருகிற திங்கட்கிழமையே சேர வேண்டுமாம். இரண்டாவது கம்பனி 55,000 தான் தருகிறது. மாமி முதலாவதை எடு என்கிறார். இவர் உன் விருப்பம் என்கிறார். எனக்கோ இரவில் நித்திரை இல்லை" என்று எழுதியிருந்தார்.

கடைசிப் பக்கத்தில் போகிற போக்கில் ஒரு வரி இருந்தது. "இங்கே சேர்ந்து நான்கு வருடமும் பத்து மாதமும் ஆகிறது." என் கண் அந்த வரியில்தான் நின்றது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் அந்த 120,000 ரூபாவைப் பார்ப்போம். சகோதரிகளே, மார்க்கட்டிங் தொழிலில் இருப்பவருக்கு விளம்பரம் எழுதத் தெரியும். 'ஐம்பது வீதம் வரை விலைக்கழிவு' என்று கடை வாசலில் எழுதினால், உள்ளே எத்தனை சாமானுக்கு அந்த ஐம்பது கிடைக்கும் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் தொழில் விளம்பரத்தில் அதே 'வரை' என்ற சொல் வந்தால் மட்டும் நாம் அதைக் காணாமல் தொகையை மட்டும் காண்கிறோம். தேவை கண்ணை மறைத்துவிடுகிறது.

அவரிடம் நான்கு கேள்விகளைக் கேட்டு வரும்படி எழுதினேன். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு? பஸ் செலவும் தொலைபேசிச் செலவும் யாருடையது? இப்போது அந்த வேலையைச் செய்யும் ஒருவர் போன மாதம் கையில் எவ்வளவு எடுத்தார்? நான் உங்கள் ஊழியரா, அல்லது முகவரா?

கேட்டார். அடிப்படைச் சம்பளம் கிடையாது, முழுவதும் கொமிஷன். செலவுகள் அவருடையவை. மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லை. நான்காவது கேள்விக்கு, "அதையெல்லாம் சேர்ந்த பிறகு பேசலாம்" என்றார்களாம்.

அந்த நான்காவது கேள்விதான் முக்கியமானது. முகவராக வேலை செய்வதில் தவறில்லை. ஆயுள் காப்புறுதி முகவர்கள் பலர் அப்படித்தான் நன்றாக உழைக்கிறார்கள். ஆனால் முகவர் சொந்தக் கணக்கில் யாவாரம் செய்பவர். லாபமும் நட்டமும் அவருடையவை. ஊழியர் என்றால் நிலைமை வேறு. நமது நாட்டில் ஊழியருக்கு ஆகக்குறைந்த மாதச் சம்பளம் சட்டத்தால் விதிக்கப்பட்டுள்ளது. 2026 ஜனவரி முதல் அது 30,000 ரூபா. ஊழியர் சேமலாப நிதியமும் நம்பிக்கை நிதியமும் அவருக்கு உண்டு. கொமிஷனாகப் பெறும் பணத்துக்கும் சேமலாப நிதி கட்டப்பட வேண்டும் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. "கொமிஷன் ஆட்களுக்கு ஈ.பி.எஃப். இல்லை" என்று ஊழியரிடம் ஒரு கம்பனி சொன்னால் அது சரியான பேச்சல்ல.

இனி அந்த 55,000 ரூபாவைப் பார்ப்போம். சேமலாப நிதிக்கு ஊழியரிடமிருந்து 8 வீதம் கழிக்கப்படும். அது 4,400 ரூபா. தொழில் கொள்வோர் தம் பங்காக 12 வீதம் போட வேண்டும். அது 6,600 ரூபா. நம்பிக்கை நிதியத்துக்கு இன்னும் 3 வீதம், 1,650 ரூபா. இதுவும் தொழில் கொள்வோரின் பணமே. அதாவது சம்பளத்துக்கு மேலாக மாதம் 8,250 ரூபாவும் வருடத்துக்கு 99,000 ரூபாவும் அவர் பெயரில் சேர்கின்றன. இது கையில் புழங்காத பணம். அதனால்தான் வீட்டுக் கணக்கில் நாம் அதை எழுதுவதில்லை. ஆனால் பெண்களுக்கு 50 வயதில் சேமலாப நிதியை எடுக்க முடியும். மகளின் திருமணமோ, ஒரு வைத்தியச் செலவோ வாசலில் நிற்கும் வயது அது.

இப்போது அந்தக் கடைசி வரிக்கு வருவோம்.

1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. பதினைந்து பேருக்குக் குறையாத ஊழியர்கள் உள்ள இடத்தில் ஐந்து வருடம் பூர்த்தியாக வேலை செய்த ஒருவர் விலகும்போது, பூர்த்தியான ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் வீதம் பணிக்கொடை கொடுக்கப்பட வேண்டும். தானாக விரும்பி இராஜினாமாச் செய்தாலும் அது உரியது. கடைசியாகப் பெற்ற சம்பளத்தை வைத்தே கணக்குப் பார்ப்பார்கள். விலகி 30 நாட்களுக்குள் கொடுத்தாக வேண்டும்.

நமது சகோதரியின் கம்பனியில் நாற்பது பேருக்கு மேல் வேலை செய்தார்கள். 48,000 இல் பாதி 24,000. ஐந்து வருடத்துக்கு 120,000 ரூபா. முதலாவது கம்பனி 'வரை' என்ற சொல்லோடு காட்டிய அதே தொகை! ஆனால் இதில் 'வரை' கிடையாது; ஐந்து வருடம் நிறைந்தால் அது அவருடைய உரிமை. நான்கு வருடமும் பதினொரு மாதமும் வேலை செய்துவிட்டு வந்தால் அந்தச் சட்டப்படி ஒரு சதமும் கேட்க முடியாது.

அவருடைய நியமனக் கடிதப்படி விலகுவதற்கு ஒரு மாத முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும். கடிதம் எழுதிய அன்றே இராஜினாமாவைக் கொடுத்திருந்தால் நான்கு வருடமும் பதினொரு மாதமும் முடியும்போது வெளியே வந்திருப்பார். திங்கட்கிழமையே புதிய இடத்துக்கு ஓடியிருந்தால் அதுவும் இல்லை. "இன்னும் ஒரு மாதமும் ஒரு கிழமையும் பொறுத்து இராஜினாமாக் கடிதத்தைக் கொடுங்கள். கடைசி நாள் ஐந்து வருடத்தைத் தாண்டி விழட்டும். சேர்ந்த திகதியை நினைவில் வைத்துக் கணக்குப் பார்க்காமல், நியமனக் கடிதத்தை எடுத்துப் பாருங்கள்" என்று எழுதினேன்.

"புதிய கம்பனி அதுவரை காத்திருக்குமா?" என்று பயந்தார். நேரே கேட்கச் சொன்னேன். "இப்போதுள்ள இடத்தில் என் பொறுப்புகளை ஒழுங்காகக் கையளித்துவிட்டு வர இரண்டு மாதமும் ஒரு கிழமையும் வேண்டும்" என்று சொல்வதில் பொய்யுமில்லை, வெட்கமுமில்லை. இரண்டாவது கம்பனி சம்மதித்தது. பழைய இடத்தை ஒழுங்காக விட்டு வருபவர் நம்மையும் அப்படியே நடத்துவார் என்பது அவர்களுக்கும் தெரியும்தானே. முதலாவது கம்பனி அதன் பிறகு தொலைபேசியை எடுக்கவில்லை.

இந்த இடத்தில் நமது இளம் பிள்ளைகளுக்கு ஓர் எச்சரிக்கை. 'மார்க்கட்டிங் வேலை' என்ற பெயரில் வருவதெல்லாம் மார்க்கட்டிங் அல்ல. சேர்வதற்கு நீங்கள் பணம் கட்ட வேண்டும், அல்லது ஒரு பொதி சாமான் வாங்க வேண்டும், பிறகு உறவினரையும் கூட்டாளிகளையும் சேர்த்துவிட்டால் பணம் வரும் என்றால், எழுந்து வந்துவிடுங்கள். சாமானை விற்பதைவிட ஆள் சேர்ப்பதில் பணம் வரும் பிரமிட் திட்டங்கள் வங்கித்தொழில் சட்டத்தின் கீழ் நமது நாட்டில் தடைசெய்யப்பட்டவை. அதில் பணத்தோடு சொந்தபந்தமும் போய்விடும்.

நேர்முகப் பரீட்சையைப் பற்றியும் அவர் கேட்டிருந்தார். பட்டம் இல்லையே என்ற கவலை அவருக்கு. உயர்தரம் படித்தவர், பிறகு ஒரு சிறிய பாடநெறி. படிக்க விரும்புவோருக்கு வழி இருக்கிறது. 1970 இல் ஆரம்பிக்கப்பட்ட இலங்கை சந்தைப்படுத்தல் நிறுவகம் தொழில் பார்த்துக்கொண்டே படிக்கக்கூடிய பாடநெறிகளை நடத்துகிறது. ஆனால் பரீட்சை மேசையில் பட்டத்துக்கு நிகராக நிற்பது செய்து முடித்த ஒரு காரியம். "எல்லா வேலையும் செய்தேன்" என்றால் கேட்பவர் மனதில் ஒன்றும் தங்காது. இந்தச் சகோதரி கிராமத்துக் கடைகளுக்குப் போய், பெரிய மிளகாய்த்தூள் பக்கற் ஏன் தட்டிலேயே கிடக்கிறது என்று விசாரித்திருக்கிறார். நாட்கூலிக்குப் போகும் வீடுகளில் அன்றன்றைக்குத்தான் சாமான் வாங்குகிறார்கள் என்று கண்டு, சிறிய பக்கற் போடும்படி முகாமையாளருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். அது எத்தனை கடைகளில் தொடங்கி எத்தனை கடைகளுக்குப் போனது என்ற கணக்கும் அவரிடம் இருந்தது. அந்த ஒரு தாளைத்தான் கொண்டுபோகச் சொன்னேன். முக்கால் மணி நேரம் அதைப் பற்றியே பேசினார்களாம்.

நியமனக் கடிதம் கைக்கு வந்ததும் வாசித்துப் பாருங்கள். கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின்படி வேலை விபரங்களை எழுத்தில் தருவது தொழில் கொள்வோரின் கடமை. பதவி, அடிப்படைச் சம்பளம், படிகள், வேலை நேரம், லீவு, சேமலாப நிதி ஆகியவை அதில் இருக்க வேண்டும். வேலை நேரம் சாப்பாட்டு நேரம் தவிர்த்து நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45 மணித்தியாலம். முதல் வருடத்தில் கெசுவல் லீவு இரண்டு மாதத்துக்கு ஒரு நாள் வீதமே சேரும். சின்னப் பிள்ளை உள்ள தாய்மார், காய்ச்சல் வரும் நாட்களுக்கு வீட்டில் யார் இருப்பது என்பதை முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும். மார்க்கட்டிங் பதவிக்கு இன்னும் இரண்டு விடயம்: விற்பனை இலக்கு எந்த மாதத்திலிருந்து கணக்கிடப்படும், தகுதிகாண் காலம் எத்தனை மாதம். சித்திரைப் புத்தாண்டுக்கும் பெருநாளுக்கும் சாமான் ஓடும் மாதத்தையும், அதற்கடுத்த வெறும் மாதத்தையும் ஒரே அளவுகோலால் அளந்தால் புதிதாக வந்தவர்தான் அடிபடுவார்.

இரண்டு கிழமைக்கு முன் அவரிடமிருந்து இரண்டாவது கடிதம் வந்தது. பணிக்கொடை கைக்கு வந்துவிட்டதாம். புதிய இடத்தில் முதல் மாதமும் முடிந்துவிட்டது. "எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருப்பது போல இருக்கிறது. ஏதாவது பெரிதாகச் செய்து காட்ட வேண்டுமா?" என்று கேட்கிறார். அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதல் மூன்று மாதமும் காதுக்கு வேலை கொடுங்கள். சாமான் கொண்டுபோகும் லொறியோடு போகும் விற்பனையாளர்களிடம் பேசுங்கள். திரும்பி வரும் சாமான் ஏன் வருகிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். கடைக்காரரின் முறைப்பாட்டை ஒரு கொப்பியில் திகதியோடு எழுதுங்கள். உங்களுக்கு முன் இருந்தவரைக் குறை சொல்லாதீர்கள். தொழுகைக்கு எங்கே இடம், எத்தனை நிமிடம் என்பதை முதல் கிழமையிலேயே மேலதிகாரியிடம் மரியாதையாகக் கேட்டுக்கொள்ளுங்கள்; ஒளித்துப் போய் வருவதுதான் பிறகு பேச்சாகிறது. முதல் சம்பளச் சிட்டையில் சேமலாப நிதிக் கழிவும் உங்கள் அங்கத்துவ இலக்கமும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் கேளுங்கள். கேட்டும் நடக்காவிட்டால் மாவட்டத் தொழில் அலுவலகம் இருக்கிறது.

இன்னொன்றையும் எழுதியிருந்தார். பழைய கம்பனியின் வாடிக்கையாளர் பட்டியலைக் கொண்டுவர முடியுமா என்று புதிய இடத்தில் ஒருவர் கேட்டாராம். "அது அவர்களுடைய அமானிதம். நான் கற்றுக்கொண்ட தொழில் என்னுடையது, அதை முழுவதும் இங்கே தருவேன்" என்று சொல்லிவிட்டாராம். கேட்டவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். அன்று பின்னேரம் முகாமையாளர் அவரை அழைத்து, புதிய சாமான்களின் விலைக் கோவையை அவர் பொறுப்பில் ஒப்படைத்திருக்கிறார்.

மாமி இப்போது என்ன சொல்கிறார் என்று நான் கேட்கவில்லை. கடிதத்தின் ஓரத்தில் அவரே எழுதியிருந்தார்: "பணிக்கொடைக் காசில் முச்சக்கர வண்டியின் லீசிங் பாக்கியை முடித்துவிட்டோம். மாமிதான் என்னோடு வந்து கட்டினார்."

சகோதரிகளே, இன்றே உங்கள் நியமனக் கடிதத்தைத் தேடி எடுத்து, சேர்ந்த திகதியைப் பாருங்கள். புதிய இடம் தேடும் எண்ணம் இல்லாவிட்டாலும் பாருங்கள். மீண்டும் அடுத்த இதழில் சந்திப்போம், இன்ஷா அல்லாஹ்.