வாள் பிடித்தவனும் வரி கொடுத்தவனும்

கதைதானே, படித்தால் என்ன கெட்டுவிடும் என்று கேட்போர் உளர். படிப்பதே வீண், பாடநூலைப் பார் என்று அதட்டுவோரும் உளர். இவ்விரு சாராருக்கும் விடை கூறவே இக்கட்டுரை.

திருவல்லிக்கேணியிலே, பைகிராப்ட்ஸ் சாலை என்று முன்னாளில் வழங்கப்பட்ட பாரதி சாலையின் ஓரத்தில் பழைய புத்தகக் கடைகளைக் காணலாம். போட்டித் தேர்வு நூல்களுக்கும் பொறியியல் நூல்களுக்கும் நடுவே, வாளோங்கிய சாமுராய் வீரனை அட்டையிலே தாங்கிய ஆங்கிலப் புதினங்கள் தலை நீட்டுகின்றன. மாங்கா எனப்படும் ஜப்பானியப் படக்கதைகளும் உடனிருக்கின்றன. மேன்ஷன் அறைகளில் தங்கி வேலை தேடும் பட்டதாரியும், கடற்கரைக் குப்பத்திலிருந்து கல்லூரி செல்லும் மாணவனும் அவற்றை ஆவலோடு வாங்குகின்றனர். பள்ளி ஆசிரியன் என்ற முறையில் இதனை நான் வரவேற்கிறேன். அயல்நாட்டுக் கதை அறிவைக் கெடுக்கும் என்பவன், கிணற்றுக்கு வெளியே கடல் இல்லை என்று சாதித்த தவளைக்கு உறவினன்!

ஆயினும், தோழர்களே, அக்கதைகளிலே ஒரு நஞ்சு உண்டு. அது மாயம் அன்று. மறைந்து நடக்கும் மனிதனும், சுவருக்கு அப்பால் பேசுவதைக் கேட்கும் செவியும் கற்பனை என்பது பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். கற்பனை என்று தெரிந்து சுவைப்பதிலே தவறில்லை. கற்பனை என்று தெரியாமலே நெஞ்சில் இறங்குவது வேறொன்று. பிறப்பே பெருமை தரும் என்ற எண்ணம்தான் அது!

சான்று காட்டுகிறேன். லியான் ஹெர்ன் என்ற புனைபெயரில் கில்லியன் ரூபின்ஸ்டீன் எழுதிய 'அக்ராஸ் தி நைட்டிங்கேல் ஃப்ளோர்' 2002-இல் வெளிவந்தது. ஜப்பானியப் பண்ணையாட்சிக் காலத்தை ஒத்ததொரு கற்பனை நாட்டில் நடக்கும் கதை. மலையூரிலே, ஒடுக்கப்பட்ட ஒரு சமயக் கூட்டத்தார் நடுவே வளர்ந்த சிறுவன்தான் நாயகன். ஊர் எரிகிறது, உற்றார் மாள்கின்றனர், பையன் தப்புகிறான். படிக்கும் நாம் மகிழ்கிறோம், எளியவன் எழப்போகிறான் என்று! ஆனால் நடப்பது என்ன? அவன் குடலில் ஓடுவது பிரபுவின் குருதி என்று தெரியவருகிறது. அவனுடைய வியத்தகு ஆற்றல்களோ தந்தையின் குலத்தார்க்குப் பிறவியிலேயே வாய்ப்பவை. எளியவன் எழவில்லை, பிரபுவின் பேரன் தன் இடத்திற்குத் திரும்புகிறான்!

ஒரு நூலை மட்டும் வைத்துத் தீர்ப்புரைக்கலாமா என்பீர்கள். இளைஞர் பலரும் அறிந்த 'நரூட்டோ'வை எடுத்துக்கொள்வோம். மசாஷி கிஷிமோட்டோ வரைந்து, 1999 முதல் 2014 வரை தொடராக வந்த படக்கதை. ஊரார் ஒதுக்கிய அனாதைச் சிறுவன், ஓயா உழைப்பால் உயர்வேன் என்று சூளுரைக்கிறான். எத்தனை இளைஞர் உள்ளத்தை அச்சூளுரை தொட்டது! பின்னர் தெரிகிறது, அவன் தந்தை ஊரின் தலைவராக இருந்தவர் என்று. அதுவும் போதாதென்று முற்பிறவித் தொடர்பும் வந்து ஒட்டிக்கொள்கிறது. உழைப்பின் கதையாகத் தொடங்கியதில் குலமும் கர்மமும் கூடவே வந்து குந்திக்கொண்டன.

இந்தச் சூழ்ச்சி நமக்குப் புதிதா? மாடு மேய்த்தவன் மன்னன் மகனென்று கடைசிக் காட்சியில் மச்சத்தைக் காட்டி மெய்ப்பித்த கதைகளை நாம் கேட்டதில்லையா? திறமை எங்கே கண்டாலும் அதற்கோர் உயர்ந்த தகப்பனைத் தேடுவது சாதியின் பழைய வேலை. 1958-இல் வந்த 'நாடோடி மன்னன்' திரைப்படத்தில், மன்னனின் சாயல் கொண்ட நாடோடி அரியணையில் அமர்ந்து மக்களுக்காகச் சட்டம் செய்தான். அவனை மறைந்து வளர்ந்த இளவரசன் என்று காட்டவேண்டிய தேவை அந்தக் கதைக்கு இருக்கவில்லை. முகச்சாயல் போதும், முன்னோர் வேண்டாம் என்று சொல்லவும் தமிழிலே முடிந்தது.

இனி, கதையின் அட்டையை மூடிவிட்டு வரலாற்றின் ஏட்டைத் திறப்போம்.

1603 முதல் 1868 வரை ஜப்பானை டோகுகாவா குடும்பத்தார் ஆண்டனர். வீரர், உழவர், கைவினைஞர், வணிகர் என்று மக்கள் நான்காக வகுக்கப்பட்டனர். நான்கு என்ற எண்ணைக் கேட்டதும் நமக்கு ஏதோ நினைவுக்கு வருகிறதல்லவா? வாள்பிடித்த வகுப்பார் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஒரு பிரபுவின் பெருமையை அளந்த அளவுகோல் 'கொக்கு'. அது நெல்லின் கணக்கு. ஓர் ஆளுக்கு ஓராண்டு உணவுக்கு ஆகும் அரிசி, ஏறத்தாழ 150 கிலோ, ஒரு கொக்கு. பத்தாயிரம் கொக்கு விளையும் நிலம் உடையவனே பிரபு. அப்படியானால் அந்தப் பளபளக்கும் வாளுக்குப் பின்னே நின்றது எது? சேற்றிலே நின்ற உழவனின் முதுகு! புதினத்தில் வாளுக்குப் பெயருண்டு, குதிரைக்குப் பெயருண்டு. நாற்று நட்டவளுக்குப் பெயருண்டா?

அந்த உழவன் கையிலும் ஒரு காலத்தில் ஆயுதம் இருந்தது. 1588-இல் ஹிதேயோஷி என்ற ஆட்சியாளன் உழவரிடமிருந்த வாட்களையும் ஈட்டிகளையும் பறித்தான். என்ன சொல்லிப் பறித்தான் தெரியுமா? பெரியதொரு புத்தர் சிலை எழுப்புகிறோம், இந்த இரும்பு அதற்கு ஆணியும் முளையும் ஆகும், கொடுத்தவர்க்கு இம்மையிலும் மறுமையிலும் நன்மை என்றான்! கடவுள் பெயரால் கைவாளைப் பறித்துவிட்டு, வாள் பிடிப்பது எங்கள் பிறப்புரிமை என்றனர். பின்னாளில், தன்னை அவமதித்தான் என்று காட்டிவிட்டால் எளியவனை வெட்டிய வீரனுக்குத் தண்டனை இல்லை என்பதும் உரிமையாயிற்று. 'கிரிசுத்தே கோமென்' என்று அதற்குப் பெயர்.

நான்கு வகுப்புக்கும் கீழே இன்னொரு கூட்டம் இருந்தது. இறந்த மாட்டின் தோலை உரித்தோர், பதனிட்டோர், பிணம் அகற்றியோர். 'எத்தா' என்றனர் அவர்களை. மிகுந்த அழுக்கு என்பது அச்சொல்லை எழுதிய எழுத்துகளின் பொருள். இன்னொரு பிரிவினரை 'ஹினின்' என்றனர். மனிதரல்லாதார் என்று பொருள். தனிக் குடியிருப்பு, தனித் தொழில், அவர்களுக்குள்ளேயே திருமணம். கடல் கடந்தும் சேரி!

என் வகுப்பில் ஒரு மாணவன். தந்தை பெரியமேட்டில் பதனிட்ட தோல் மூட்டைகளைச் சுமப்பவர். மகன் மர அளவுகோலை வாளாகப் பிடித்து, "நான்தான் சார் சாமுராய்!" என்று சிரிக்கிறான். அவனுக்கு அந்த இன்பத்தை மறுக்க நான் யார்? ஆனால் அவன் அறிய வேண்டியது ஒன்றுண்டு. அந்த நாட்டில் அந்தக் காலத்தில் அவன் பிறந்திருந்தால், வாளைத் தொட விட்டிருக்கமாட்டார்கள். வாளுறைக்கும் கவசத்திற்கும் தோல் மட்டும் அவன் வீட்டிலிருந்து சென்றிருக்கும். தோல் தீட்டு இல்லை, தோல் தந்தவன் தீட்டு! இந்த உண்மையை அவனிடமிருந்து மறைப்பது அவனுக்குச் செய்யும் வஞ்சனை.

லியான் ஹெர்னிடம் ஒரு நேர்மை உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது முறையன்று. தோல் வேலை செய்யும் ஒதுக்கப்பட்ட மனிதன் ஒருவனை, ஜோ-ஆன் என்று பெயரிட்டு அவர் கதைக்குள் நடமாட விடுகிறார். அவனோடு பழகியதால் நாயகன் மேலும் பழி விழுகிறது. நாயகனின் படை ஆற்றைக் கடக்க ஒதுக்கப்பட்டோரே பாலம் அமைத்துத் தருகின்றனர். பாலம் அவர்களுடையது, ஆட்சி யாருடையது? பிரபுவின் பேரனுடையது! பரிவு வேறு, பங்கு வேறு. பரிவைப் பெற்றுக்கொண்டு பங்கை மறந்துவிடுங்கள் என்றால் நாம் இணங்கலாமா?

பழங்கதை, போனது போகட்டும் என்பீரேல், கேளுங்கள். 1871-இல் அந்த இழிபெயர்களை அரசாணை ஒழித்தது. 1876-இல் வாள் தாங்கும் உரிமையும் பறிக்கப்பட்டது. வாள் போயிற்று, இழிவு போயிற்றா? இல்லை. ஆகவேதான் 1922 மார்ச் 3-இல் கியோத்தோ நகரில் ஒடுக்கப்பட்டோர் தாமே கூடி 'சுய்ஹெய்ஷா' என்ற சமத்துவச் சங்கம் கண்டனர். இரண்டாண்டு கழித்து, 1924-இல், வைக்கத்துத் தெருவில் நடக்கும் உரிமைக்கு இங்கே போராட்டம் எழுந்தது. இரு நாட்டாரும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டா எழுந்தனர்? நோய் ஒன்றாயிருந்தது, மருந்தும் ஒன்றாயிற்று.

1975-இல் ஜப்பானில் வெளிப்பட்ட செய்தி இன்னும் கொடியது. ஒதுக்கப்பட்டோர் வாழ்ந்த ஊர்களின் பெயர்களைத் தொகுத்துக் கள்ளத்தனமாக நூலாக்கி விற்றிருக்கின்றனர். பெரிய நிறுவனங்கள் அதை வாங்கின. வேலை கேட்டு வந்தவனின் ஊரைப் பார்த்து அவனை விலக்கின. "தம்பிக்குச் சொந்த ஊர் எது? நீங்க எந்த ஆளுங்க?" என்று வாடகை வீடு கேட்டுச் சென்ற இடத்தில் விசாரிக்கப்பட்ட நம் இளைஞனுக்கு, அந்தப் பட்டியலின் வேலை என்னவென்று விளக்கவேண்டியதில்லை.

சாமுராய் அறம் என்று சிலர் உருகுவர். 'புஷிடோ' என்ற பெயரை உலகெங்கும் பரப்பியது நிதோபே இனாசோ எழுதி 1900-இல் வந்த ஆங்கில நூல். வாளுரிமை ஒழிந்து கால் நூற்றாண்டு ஆனபின், அயலார்க்கு விளக்க எழுதப்பட்ட நூல் அது! அந்த அறத்தின் பெயரைப் பின்னர் படைத்தலைவர்கள் எடுத்துக்கொண்டனர். 1942-43-இல் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதையை அந்தப் படை அமைத்தது. மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து அழைத்துச் செல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர் காலராவுக்கும் பட்டினிக்கும் அடிக்கும் அங்கே பலியாயினர். மரணப் பாதை என்றே அதற்குப் பெயர் நின்றது. வீரனின் மாண்பைப் பாடுங்கால், அந்தத் தண்டவாளத்தின் கீழே கிடக்கும் எலும்புகளில் நம்முடையவையும் உண்டென்பதை மறக்கலாகாது.

இதைக் கேட்டதும் ஒருவர் துள்ளி வருவார்: "பார்த்தீரா! அதனால்தான் சொல்கிறோம், அயலான் கதை வேண்டாம், நம் சோழர் கதையைப் படியுங்கள்!" ஐயா, சற்றுப் பொறும். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வந்தது. 2022-லும் 2023-லும் திரையிலும் வந்தது. ஆடிப்பெருக்கன்று வீராணம் ஏரிக்கரையிலே குதிரைவீரன் தோன்ற, கதை தொடங்குகிறது. அழகான தொடக்கம், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கரைக்கு மண் சுமந்தவர் யார்? இராசராசன் எழுப்பிய தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளிலேயே, வரி நீக்கிய நிலங்களைக் கணக்கிடும்போது பறைச்சேரியும் கம்மாணச்சேரியும் தீண்டாச்சேரியும் எழுதப்பட்டிருக்கின்றனவே! கல்லில் வெட்டியவன் மறைக்கவில்லை. கதையில் படிக்கும் நாம்தான் காண மறுக்கிறோம். கிமோனோவைக் கழற்றிவிட்டுப் பட்டுப் பீதாம்பரம் கட்டினால் ஆண்டான் அடிமை முறை இனித்துவிடுமா?

ஆகவே, தோழர்களே, நூலைக் கொளுத்தச் சொல்லவில்லை, தடுக்கவும் சொல்லவில்லை. படித்த நூலைக் குறுக்கு விசாரணை செய்யச் சொல்கிறேன். படிப்பகத்தில் கூடும்போது ஒருவர் கதையைச் சொல்லட்டும். மற்றவர் நான்கு கேள்வி கேட்கட்டும். இந்த வீரனுக்குச் சோறு போட்டவன் யார்? நாயகனின் திறமைக்கு உழைப்பு காரணமா, குருதி காரணமா? பெண்ணுக்கு இந்தக் கதையில் தன் திருமணத்தைத் தானே முடிவு செய்யும் உரிமை உண்டா? கடைசி ஏட்டில் ஆள் மாறினானா, ஆட்சிமுறை மாறிற்றா?

இக்கேள்விகளுக்குத் தாக்குப்பிடிக்கும் நூல் நல்ல நூல். அதை மும்முறை படியுங்கள். தாக்குப்பிடிக்காத நூலையும் படியுங்கள், ஆனால் மண்டியிட்டுப் படிக்காதீர்கள். எழுதத் தெரிந்தவர்கள் இன்னொன்றும் செய்யலாம். பாலம் கட்டியவனையே நாயகனாக்கி, மச்சமும் மறைந்த தந்தையும் இல்லாமல், அவனை இறுதிவரை தோல் தொழிலாளியின் மகனாகவே வெல்லவைத்து ஒரு கதை எழுதுங்கள். மாயமும் இருக்கட்டும், வாளும் இருக்கட்டும். என் வகுப்பு மாணவன் கையில் கொடுக்க அப்படியொரு நூல் வேண்டும்.