அறுவை மேடையில் ஒளிர்வு: காட்டுவதும் காட்டாததும்

1928 மார்ச் 16ஆம் நாள் பெங்களூரில், தென்னிந்திய விஞ்ஞான சங்கத்தின் கூட்டத்தில், சி. வி. இராமன் தாம் கண்ட புதிய கதிர்வீச்சைப் பற்றி உரையாற்றினார். 1923லேயே அவருடைய மாணவர் கே. ஆர். இராமநாதன் திரவங்களில் அம்மங்கிய ஒளியைக் கண்டிருந்தார். ஆயினும் மாசுகளால் விளையும் புளோரசென்ஸ், அதாவது ஒளிர்வு, என்றே அது அப்போது கருதப்பட்டது. ஒளியைக் கண்டால் மட்டும் போதாது, அதன் பிறப்பிடத்தையும் ஆராய்ந்து தெளிய வேண்டும் என்பதே இதன் படிப்பினை.

தைராய்டுப் புற்றுநோய்க்கான அறுவைச் சிகிச்சையில் இன்று பயன்படும் ஒளிர்வுக் கருவிகளுக்கும் இப்படிப்பினை பொருந்தும். தைராய்டின் பின்புறத்தில், பெரும்பாலோருக்கு நான்கு பாராத்தைராய்டுச் சுரப்பிகள் உள்ளன. அரிசிமணி அளவேயான இவை இரத்தத்திலுள்ள கால்சியத்தின் அளவைக் காக்கின்றன. கொழுப்புத் திசு என்றோ நிணநீர்க் கணு என்றோ மயங்கி இவற்றை நீக்கிவிட்டால், நோயாளி வாழ்நாள் முழுவதும் கால்சியம் மாத்திரையை நம்பி வாழ நேரிடலாம். 785 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளி படும்போது இச்சுரப்பிகள் தைராய்டைவிட மிகுதியாக ஒளிர்கின்றன என்று 2011இல் அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அறிவித்தனர். கண்ணுக்குப் புலப்படாத இவ்வொளியை உணரும் கருவிகளுக்கு அந்நாடு 2018இல் அனுமதி வழங்கியது.

ஆயினும் இவ்வொளி புற்றுநோயைக் காட்டுவதன்று. காக்கப்பட வேண்டிய சுரப்பியையே காட்டுகிறது. அச்சுரப்பிக்கு இரத்தம் பாய்கிறதா என்பதையும் அது கூறாது. வெட்டியெடுத்த சுரப்பியும் ஒளிரும். இரத்த ஓட்டத்தை அறிய இண்டோசயனின் பச்சை என்னும் சாயத்தைச் செலுத்த வேண்டும். புற்றணுக்களை நாடிச் செல்லும் சாயம் ஒன்று சூலகப் புற்றுக்கு 2021இலும் நுரையீரல் புற்றுக்கு 2022இலும் அமெரிக்காவில் ஏற்கப்பட்டது. தைராய்டுப் புற்றுக்கான இத்தகைய சாயங்களோ ஆராய்ச்சி நிலையிலேயே உள்ளன. எனவே, புற்று எது என்று முடிவு கூறும் பொறுப்பு இன்றும் திசுவை நுண்ணோக்கியில் ஆராயும் வல்லுநரையே சார்ந்தது.

இக்கருவியைப் புற்றுநோய் கண்டறியும் கருவி என்று புகழ்வது பிழை. பயனற்றது என ஒதுக்குவதும் பிழையே. 1909இல் தோன்றிய இந்திய விஞ்ஞானக் கழகமும் 1973இல் நிறுவப்பட்ட கித்வாய் நினைவுப் புற்றுநோய் நிலையமும் பெங்களூரிலேயே உள்ளன. இத்தகைய நகரில் பொறியியலாரும் அறுவை மருத்துவரும் ஒருங்கே அமர்ந்து, கருவியின் மதிப்பை ஒரே அளவுகோலால் அளத்தல் வேண்டும். அறுவைக்குப் பின் ஆறு திங்கள் கழிந்ததும், கால்சியம் மாத்திரையின்றி வாழ்வோர் எத்தனை பேர் என்பதே அவ்வளவுகோல். திரையில் தோன்றும் படத்தின் அழகு அதற்கு ஈடாகாது.

களப் பணியாளரின் கடமையும் இதனோடு இணைந்ததே. கழுத்தில் கட்டி தோன்றினாலும், குரல் கம்மல் நீடித்தாலும், வலியில்லை என்று வாளாவிராமல் மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும். அறுவை முடிந்து ஊர் திரும்பியவருக்கு உதட்டைச் சுற்றி மரமரப்போ, விரல் நுனிகளில் குறுகுறுப்போ, தசைப்பிடிப்போ கண்டால், அது கால்சியக் குறைவாயிருக்கலாம், தாமதித்தல் கூடாது. கருவி எத்துணைச் சிறப்புடையதாயினும், நோயாளி வீடு திரும்பிய பின் அவரைக் கவனிக்க மனிதரே வேண்டும்.