பிசுக்கு போகட்டும், பாலிஷும் போக வேண்டுமா?

தேக்குக் கதவில் எவனோ ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போகிறான். அதைச் சுரண்ட வீட்டுக்காரர் கடைக்குப் போய்த் தின்னர் வாங்கி வருகிறார். ஒரு தேய்ப்பு. ஸ்டிக்கர் போய்விடுகிறது. கூடவே பாலிஷும் போய்விடுகிறது!

வில்லியனூர், பாகூர் பக்கம் தெருவில் நடந்து பாருங்கள். நல்ல கதவின் நடுவே வெளுத்துப்போன சதுரம் ஒன்று தெரியும். அது இந்த வைத்தியத்தின் தழும்பு.

"மரத்தில் பிசுக்கு என்றால் நமக்கென்ன? நம்ம வீட்டுத் தரை சிமெண்டும் டைல்ஸும்தானே?" என்று கேட்பீர்கள். நியாயம்தான். பலகைத் தரை நம் பக்கம் அபூர்வம். ஆனால் நிலைக்கதவு இல்லாத வீடு உண்டா? ஊஞ்சல், மாடிப்படி, கடையில் கல்லா மேஜை எல்லாம் மரம்தானே? போதாததற்கு, புது வீடுகளில் மாடி அறைக்கு மர டிசைனில் லேமினேட் பலகை பதிப்பதும் இப்போது வந்துவிட்டது. பதித்த ஆறு மாதத்தில் "காலில் ஒட்டுதுங்க" என்ற புகாரும் வந்துவிடுகிறது.

2024 நவம்பர் 30 இரவு ஃபெங்கல் புயல் புதுவை அருகே கரை கடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது. அடுத்து சாத்தனூர் அணையிலிருந்து லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட, தென்பெண்ணை பெருகிப் பாகூர்ப் பக்கத்துத் தாழ்வான ஊர்களுக்குள் புகுந்தது. இந்தப் பக்கம் சங்கராபரணி. தண்ணீர் வடிந்த பிறகு பார்த்தால், கதவுகளின் அடிப்பாகமெல்லாம் சேறும் எண்ணெயும் சாக்கடைக் கசடும் சேர்ந்த ஒரு பிசுக்கு!

ரேஷன் அட்டைக்கு 5 ஆயிரம் ரூபாய் நிவாரணம் என்று அரசு அறிவித்தது. அரிசி நனைந்தவன், பாய் நனைந்தவன் அதில் கதவுக்கு எவ்வளவு ஒதுக்குவான்? ஆகவே அவனவனே கையில் கிடைத்ததை வைத்துத் தேய்த்தான். சிலர் ஆசிட். சிலர் இரும்பு நார். பலர் தின்னர்.

எதைத் தேய்க்கிறோம் என்று தெரியாமல் தேய்ப்பதுதான் வினை.

எங்கிருந்து வருகிறது?

பிசுக்கு ஒரே ஜாதி அல்ல. வாசல் நிலையில் இருப்பது பெரும்பாலும் எண்ணெய். விளக்குக்கு விடுகிற நல்லெண்ணெய் காற்றுப் பட்டுப் பட்டு நாளடைவில் கெட்டியாகிப் பிசின் மாதிரி ஆகிவிடும். அதன் மேல் தூசி, குங்குமம், ஊதுபத்திப் புகை. வெறும் தண்ணீருக்கு அது அசையாது.

தரையில் இருப்பது வேறு. அது அழுக்கே அல்ல, நாம் ஊற்றிய மருந்து! ஒரு வாளித் தண்ணீருக்கு ஒரு மூடி போதும் என்று பாட்டிலில் அச்சடித்திருக்கும். நாம் வாசனைக்காகக் கால் பாட்டிலைக் கவிழ்ப்போம். பிறகு நல்ல தண்ணீரில் துடைப்பதும் கிடையாது. சோப்பு அப்படியே காய்ந்து படிகிறது. மறுநாள் ஒட்டுகிறது என்று இன்னும் கொஞ்சம் ஊற்றுகிறோம். அழுக்கைப் போக்கப் போய் அழுக்கையே விலைக்கு வாங்குகிறோம்!

மூன்றாவது, ஸ்டிக்கர் பசை. கொசுவலை ஒட்டுகிற வெல்க்ரோ பட்டையின் பசையும் இதில் சேர்த்தி.

நான்காவதுதான் மோசமானது. பாலிஷே இளகிப்போவது. முதல் பூச்சு காயும் முன் அடுத்த பூச்சு போட்டிருந்தாலோ, ஈர மரத்தின் மேல் பூசியிருந்தாலோ இப்படி ஆகும். ஈரத் துணியால் ஒரு மூலையில் துடைத்துப் பாருங்கள். துணியில் அழுக்கு வந்து இடம் உலர்ந்து நின்றால், அது துடைத்தால் போகிற பிசுக்கு. துடைத்த பிறகும் கட்டைவிரலை அழுத்தினால் ரேகை பதிகிறதா? அது பாலிஷின் கோளாறு. இனி எதைத் தேய்த்தும் பயனில்லை, ஆசாரிதான் கதி.

"கொஞ்சம் தின்னர் ஊத்தி ஒரு தேய் தேய்ச்சா பளிச்சுனு போயிடும் சார்!"

இப்படித்தான் எல்லோரும் சொல்கிறார்கள். போகும் சார், போகும். நம் பழைய கதவுகளில் பல அரக்கு பாலிஷ் போட்டவை. உலகம் அதை 'பிரெஞ்சு பாலிஷ்' என்கிறது. பிரெஞ்சுக்காரன் ஆண்ட ஊரில் இருந்துகொண்டு இதையாவது தெரிந்துவைத்திருக்க வேண்டாமா? அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத்தான் அந்த பாலிஷையே போடுகிறார்கள். எதில் கரைத்துப் போட்டார்களோ அதைத் திரும்ப ஊற்றினால் அது மறுபடியும் கரையாமல் என்ன செய்யும்? கை கழுவுகிற சானிடைசரும் இதே வேலையைச் செய்யும். தின்னர் இன்னும் ஒரு படி மேல்; அரக்கு பாலிஷோடு நிற்காமல் மற்றப் பூச்சுகளிலும் பலவற்றை இளக்கிவிடும்.

பாலிஷ் போனால் திரும்பப் போடலாம். இன்னொரு ஆபத்து இருக்கிறது. பெட்ரோல், தின்னர் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாது, தரையோடு தவழும். கூடத்தில் தேய்த்துக்கொண்டிருப்பீர்கள்; அது சமையலறை அடுப்பையோ சாமி விளக்கையோ தேடிப் போய்ப் பற்றும். கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து தேய்க்கிறவர்களை நினைத்தால் பகீரென்கிறது. குழந்தைகள் இருக்கிற வீட்டில் இந்த விஷப்பரீட்சை வேண்டவே வேண்டாம்.

இதற்கெல்லாம் பெரிய சாமான் தேவையில்லை. எண்ணெய்ப் பிசுக்குக்கு வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவுகிற சோப்பு நாலைந்து சொட்டு. பழைய பனியன் துணியை நனைத்து, சொட்டாமல் பிழிந்து, மரத்தின் ரேகை போகிற திசையில் துடைக்க வேண்டும். பிறகு நல்ல தண்ணீர்த் துணி. உடனே காய்ந்த துணி. லேமினேட் தரைக்கும் இதுவேதான். வாளியோடு தண்ணீரைக் கொட்டினால் இணைப்பு வழியாக உள்ளே இறங்கிப் பலகை உப்பிக்கொள்ளும். உப்பினது உப்பினதுதான்.

ஸ்டிக்கர் பசைக்குத் தேங்காய் எண்ணெய். தடவிவிட்டு கால் மணி நேரம் வேறு வேலையைப் பாருங்கள். பிறகு காலாவதியான ஏ.டி.எம். அட்டையால் மெதுவாகத் தள்ளினால் பசை சுருண்டு வரும். கத்தி வேண்டாம், உப்புத்தாள் வேண்டாம். மிச்ச எண்ணெயைச் சோப்புத் துணியால் எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அதுவே நாளைக்குப் பிசுக்கு! மெழுகுவத்தி சொட்டியிருந்தால் பனிக்கட்டியைப் பையில் போட்டு மேலே வையுங்கள்; இறுகியதும் பெயர்ந்து வரும். எதுவானாலும் முதலில் கண்ணுக்குத் தெரியாத மூலையில் சோதித்துவிட்டு நடுக்கதவுக்கு வாருங்கள்.

ஒட்டுகிறவரைக் கேட்பவர் யார்?

இவ்வளவும் வீட்டுக்காரர் பாடு. ஒட்டிவிட்டுப் போனவருக்கு என்ன பாடு?

பொது இடங்களைப் போஸ்டராலும் பேனராலும் கெடுக்கக் கூடாது என்று புதுவையில் 2000-ம் ஆண்டிலேயே சட்டம் வந்தாகிவிட்டது. தமிழ்நாட்டில் 1959-லேயே வந்தது. சட்டம் ஏட்டில் இருக்கிறது, ஸ்டிக்கர் என் கதவில் இருக்கிறது! கேபிள்காரர், தண்ணீர் கேன்காரர், டியூஷன்காரர், தேர்தல் வந்தால் கட்சிக்காரர் என்று வரிசையாக வருகிறார்கள். "ஒட்டலாமா?" என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை. கணக்கெடுக்க வருகிற அரசு ஊழியர்களும் சில சமயம் நேராகக் கதவுக்கே போகிறார்கள். அவர்கள் மேல் கோபமில்லை. எங்கே ஒட்ட வேண்டும் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

வில்லியனூர், பாகூர் கொம்யூன் பஞ்சாயத்து அதிகாரிகள் ஒரு சுற்றறிக்கை போட்டால் என்ன? பாலிஷ் போட்ட மரத்தில் ஒட்டாதே, சுவரில் மின்மீட்டர் பக்கத்தில் ஒட்டு என்று இரண்டு வரி. செலவு ஒரு தாள். தனியாருக்கும் இதே விதி என்று உரிமம் கொடுக்கும்போதே சொல்லிவிடலாம். வெள்ளத்தில் நனைந்த கதவை உடனே பூசாதீர்கள் என்று நிவாரணம் கொடுக்கிற இடத்திலேயே ஒரு அறிவிப்பும் வைக்கலாம். ஈரம் உள்ளே இருக்கப் பூசியவர்கள் மறுவருஷம் உரித்துவிட்டு இரண்டாம் முறை பணம் கொடுக்க வேண்டியிருக்கும்.

ஆசாரியைக் கூப்பிடுவதானால் மாசி, பங்குனியில் கூப்பிடுங்கள். ஐப்பசி அடைமழையில் போடுகிற பாலிஷ் வெளுத்துப் பூத்துவிடும். "தீபாவளிக்குள்ள முடிச்சுக் குடுங்க" என்று அவரை நெருக்க வேண்டாம்.