கேஷியர் போட்டது வேஷமா?

ஆல்பர்ட் கேஷியரின் கதையை ஒரே மூச்சில் சொல்லி முடிப்பது வழக்கமாகிவிட்டது: அமெரிக்க உள்நாட்டுப் போரில் சண்டையிட ஆண்வேஷம் போட்ட அயர்லாந்துப் பெண், ராணுவத்தையே ஏமாற்றினார், வயதான காலத்தில் பிடிபட்டார். கேட்கச் சுவையாகத்தான் இருக்கிறது. கொஞ்சம் உரசிப் பார்த்தால் ஒன்றும் தேறாது.

போருக்காகப் போட்ட வேஷம் என்கிறார்கள். 1862 ஆகஸ்டில் இல்லினாய் மாநிலத்தின் 95ஆவது காலாட்படையில் சேர்ந்தார். படை கலைந்த 1865 ஆகஸ்டில் வெளியே வந்தார். வேஷமென்றால் அன்றைக்கே கலைத்திருக்கலாமே? சாகும்வரை ஐம்பது வருஷம் ஆல்பர்ட்டாகவே இருந்தார். அதே மாநிலத்தில் சானமின் என்ற சின்ன ஊரில் பண்ணைக் கூலி, தேவாலயம் கூட்டும் வேலை, கல்லறைத் தோட்ட வேலை, அந்தியில் தெருவிளக்கு ஏற்றும் வேலை. தேர்தலில் ஓட்டும் போட்டார். அந்த மாநிலப் பெண்களுக்கு ஜனாதிபதித் தேர்தலில் வாக்குரிமை வந்ததே 1913இல்தான்.

சம்பளத்துக்காக என்று இன்னொரு கட்சி. இதில் பாதி உண்மை உண்டு. சிப்பாய்க்கு மாதம் 13 டாலர். வீட்டுவேலை பார்க்கும் அயர்லாந்துப் பெண்ணுக்கு அவ்வளவு கிடைக்காது. ஆனால் அவர் மனதில் என்ன இருந்தது என்று அடித்துச் சொல்ல ஆதாரம் எங்கே? பிறந்த இடம் க்ளோகர்ஹெட் கிராமம், பிறந்தபோது வைத்த ஜென்னி ஹாட்ஜர்ஸ் என்ற பெயர், கப்பலில் ஒளிந்து வந்த கதை எல்லாம் கிழவயதில் நினைவு தடுமாறிய பிறகு அவர் வாயிலிருந்து வந்தவை. அவையும் ஒன்றுக்கொன்று முரண்.

ராணுவத்தை ஏமாற்றினாராம். ஆள் சேர்க்கும்போது நடந்த மருத்துவப் பரிசோதனையில் துணியைக் கழற்றச் சொல்லவே இல்லை, கையையும் காலையும் காட்டினால் போதுமாக இருந்தது என்று அவருடைய படைத் தோழர்களே பின்னர் வாக்குமூலம் கொடுத்திருக்கிறார்கள். துப்பாக்கி பிடிக்கக் கை, நடக்கக் கால். அரசாங்கத்துக்கு வேண்டியது அவ்வளவுதான், அதை அவர் குறைவில்லாமல் கொடுத்தார். சுமார் 40 சண்டைகளில் கலந்துகொண்டது அந்தப் படை. விக்ஸ்பர்க் முற்றுகையின்போது எதிரியிடம் சிக்கி, காவலாளியின் துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவந்தார் என்று தோழர்கள் சொன்னார்கள். அதே முற்றுகையில், 1863 ஜூனில், தீராத வயிற்றுப்போக்கு கண்டு ராணுவ மருத்துவமனையில் படுத்தார். குண்டுக்குப் பலியானவர்களைப் போல இரண்டு மடங்குப் பேரை நோய் கொண்டுபோன போர் அது. வயிற்றுப்போக்கே பெரிய எமன். நோயாளிகள் குவிந்து கிடந்த இடத்தில் அவரை யாரும் உற்றுப் பார்க்கவில்லை. குணமாகி, மறுபடி அணிக்கே திரும்பினார்.

கடைசிக் காலத்தில் விஷயம் வெளியே வந்ததும், அவர் வாங்கிவந்த ஓய்வூதியம் மோசடியோ என்று ஓய்வூதிய அலுவலகமே விசாரணை நடத்தியது. தோழர்கள் ஒருவர்பின் ஒருவராக வந்து, எங்களோடு சண்டையிட்ட கேஷியர் இவர்தான் என்றார்கள். 1915இல் தீர்ப்பு: பணம் தொடரட்டும். ஏமாந்தவர்கள் என்று நாம் சொல்கிறவர்களே புகார் சொல்லாதபோது நமக்கென்ன?

பிடிபட்டார் என்பதுதான் எல்லாவற்றிலும் மோசம். மாநில செனட்டர் ஒருவரின் மோட்டார் வண்டி மோதிக் கால் முறிந்தபோது மருத்துவருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. மருத்துவரும் செனட்டரும் வாய் திறக்கவில்லை. 1911இல் சேர்ந்த குவின்சி முன்னாள் வீரர் இல்லத்திலும் தெரிந்தவர்கள் மூடியே வைத்தார்கள். அவரைக் கவிழ்த்தது மறதி நோய். புத்தி பேதலித்தவர் என்று எழுதி 1914 மார்ச்சில் வாட்டர்டவுன் மனநல மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அங்கே வலுக்கட்டாயமாகப் பாவாடை கட்டிவிட்டார்கள். எழுபது வயது, அரை நூற்றாண்டுக்கு மேல் கால்சட்டையில் நடந்த கால்கள். பாவாடை தடுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் கிடந்தார் என்கிறார்கள். வேஷம் என்ற சொல்லை எங்காவது போட்டே ஆகவேண்டுமென்றால் இங்கே போடலாம்.

1915 அக்டோபர் 10 அன்று இறந்தார். ராணுவச் சீருடையிலேயே, ராணுவ மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். கல்லில் ஆல்பர்ட் டி. ஜே. கேஷியர் என்ற பெயரும் படைப்பிரிவும் மட்டும். 1970களில் ஜென்னி ஹாட்ஜர்ஸ் என்ற பெயரையும் சேர்த்து இன்னொரு கல் நட்டார்கள். அந்தப் பெயருக்குச் சொந்தம் கொண்டாட ஒருவர்கூடக் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்: அவர் விட்டுப்போன சொற்பப் பணத்துக்கு வாரிசு தேடிச் சொத்து நிர்வாகி ஒன்பது வருஷம் அலைந்தார், பிறகு அது மாவட்டக் கருவூலத்துக்குப் போனது.